எழுதாமல் விட்ட கட்டம்

போதகர் ஹ்ரஷ்கோ பின்வாசல் வழியாக வந்தார்.
பூட்ஸில் சேறு. கழற்றவில்லை.
ஜெபிக்க வரவில்லை இவர் என்று
அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.

கோட்டுக்குள்ளிருந்து சபைப் பதிவேட்டை எடுத்து
உருளைக்கிழங்குத் தோலை ஒதுக்கிவிட்டு
மேசைமேல் விரித்தார்.
போஷெனா. பிறப்பு மார்ச். ஞானஸ்நானம் ஏப்ரல்.
தொண்டை அடைப்பான் அவளைக் கொண்டுபோன நாளை
எழுதவேண்டிய கட்டத்தில்
ஒரு சொட்டு மை இல்லை.
புதைத்தவரே அவர்தான்.
"மறந்துவிட்டேன்" என்றார்,
மூன்று குளிர்காலம் கழித்து.
பிறகு மெதுவாக,
"மறந்ததாகவே இருக்கட்டுமா?"

அவர் கேட்டது எனக்குப் புரிவதற்குள்
அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

நகரத்திலிருந்து ஒரு பிள்ளை. யூதப் பிள்ளை. ஆறு வயது.
முத்திரை இருக்கிறது, தாள் இருக்கிறது.
இல்லாதது பெயர் மட்டும்.
புது மை காட்டிக்கொடுத்துவிடும்;
பழைய மையை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

முடியாது என்றேன்.
சட்டை, காலுறை, மரக்குதிரை எல்லாம்
அக்காள் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று.
மிச்சம் இது ஒன்றுதான்.

வசனம் எதுவும் சொல்லவில்லை அவர்.
சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன்.
பதிவேட்டை அங்கேயே விட்டுவிட்டு
மழையில் போனார்.

அன்றிரவு மிகுலாஷ் என்னைக் கேட்கவில்லை.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்
பெயர் செதுக்கிய சிலுவையைப் பிடுங்கி வந்தார்.
"ஒரு பெயர் ரெண்டு இடத்தில் இருக்கமுடியாது"
என்று பரணில் ஏற்றினார்.
ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முட்டைக்கோசு வண்டியில் வந்தாள்.
கைக்குள் ஒரு பச்சைப் பொத்தான்.
பரமண்டல ஜெபம் இரண்டே நாளில் வந்துவிட்டது;
நகரத்துப் பேச்சுதான்
நாக்கை விட்டுப் போக மறுத்தது.

முதல்முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
அவள் திரும்பவில்லை.
கர்த்தர் மன்னிக்கட்டும்,
எனக்கு அது பிடித்திருந்தது.

பதினோராம் நாள் திரும்பினாள்.
அன்று ரொட்டி கருகியது.

நவம்பரில் வந்தார்கள்,
நம்மூர்க் காவல்படைக்காரன் ஒருவன்,
சளி பிடித்த ஜெர்மானியன் ஒருவன்.
பெயர் சொன்னாள். பிறந்த நாள் சொன்னாள்.
அப்பா மர அறுவை ஆலையில் என்றாள்.
ஜெர்மானியன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்,
மூக்கைச் சிந்தினான்,
என்னைப் பார்த்துக் கேட்டான்:
"ஒரே பிள்ளையா?"
"ஒரே பிள்ளை."
அதில் பொய் இல்லை.
அதனால்தான் கால் நடுங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால்
மலைக்கு அந்தப்புறக் கன்னியர் மடத்துக்கு அவளை அனுப்பினோம்.
அந்த மடத்துத் தலைவியும் எங்கள் போதகரும்
ஒரு கிணற்றுத் தகராறில்
பத்து வருஷம் முகம் பார்க்காதவர்கள்.
யார் முதலில் பேசினார்கள் என்று
இன்றுவரை தெரியாது.

போகும்போது என் காதில்
தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.
அதை இங்கே எழுதமாட்டேன்.
நான் தந்த இரவலுக்கு
அவள் வைத்துப்போன ஈடு அது.

ஜனவரியில் போதகரைக் கொண்டுபோனார்கள்.
பதிவேடு என் மாவுப்பெட்டிக்குள் இருந்தது.
அவர் வரவில்லை.

சண்டை ஓய்ந்தபின் புதுப் போதகர் வந்தார்.
இளைஞர்; எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும் அவருக்கு.
காலிக் கட்டத்தில் விரல் வைத்து
"தேதி சொல்லுங்கள் அம்மா" என்றார்.
பேனா முனையில் மை திரண்டு நின்றது.

எங்கேயோ ஒருத்தி
அந்தப் பெயரில் இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.
நனைந்த கோட்டைப்போல
எப்போதோ கழற்றிப் போட்டிருக்கலாம்.
மலையையே தாண்டாமலும் இருந்திருக்கலாம்.
கடிதம் எதுவும் வரவில்லை.

சிலுவை பரணில்தான் இருக்கிறது.
மிகுலாஷ் அதில் வெங்காயச் சரம் கட்டித் தொங்கவிடுகிறார்.

"நாளைக்கு வந்து சொல்கிறேன்" என்றேன் போதகரிடம்.
இது ஆறாவது வருஷம்.